மாமரம், எலுமிச்சை, புளி… வீட்டுப் பூனைக்கு எது விஷம்?

மாம்பழ சீசன் வந்தால் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் கூடவே வரும். பால்கனி கிரில் வரை நீண்டு வந்த மாங்கிளையில் ஒரு இலையை எட்டிக் கடித்து மென்றுவிடும் பூனை. அரை மணி நேரத்தில் தரையில் பச்சையாக வாந்தி. மணி ராத்திரி 11. பக்கத்து கிளினிக் மூடியிருக்கும். கையில் இருப்பது போன் மட்டும். தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் 'ஒண்ணும் ஆகாது' என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 'மா குடும்பமே விஷம்' என்று இருக்கும். எதை நம்புவது?

நேரடியான பதில் இதுதான்: மாமரம் பூனையின் உயிரை எடுக்கும் மரம் கிடையாது. ஆனால் எலுமிச்சைக்கும் புளிக்கும் சீத்தாவுக்கும் இதே பதிலைச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு சங்கதி இருக்கிறது. அதோடு, பூனையை நிஜமாகவே ஐசியூ வரை கொண்டுபோகும் பொருட்கள் பெரும்பாலும் மரத்தில் காய்ப்பதில்லை. மாத்திரை டப்பாவிலும் பிறந்தநாள் பூங்கொத்திலும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாமரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மாங்காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சி அடிக்கும் பால், வாய் ஓரத்தில் பட்டு வெந்துபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பால்தான் 'மா விஷம்' என்ற பேச்சுக்கே காரணம்.

மா, முந்திரி, அமெரிக்காவில் எல்லோரும் பயப்படும் 'பாய்சன் ஐவி' கொடி, மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். பாய்சன் ஐவியில் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் கொப்புளம் வரும். மாங்காயின் பாலிலும் தோலிலும் அதற்குச் சொந்தக்காரப் பொருட்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாத மனிதர்களுக்கு அரிப்பு, தடிப்பு வருவது இதனால்தான். ஆனால் இது தோல் ஒவ்வாமை. உடம்புக்குள் போய் கல்லீரலையோ இதயத்தையோ தாக்கும் விஷம் இல்லை. பூனைக்கு உடம்பு முழுக்க ரோமம் இருப்பதால் பால் தோலில் படுவதும் குறைவு. மூக்கு, உதடு, காது மடல் மாதிரி ரோமம் குறைவான இடங்களில் பட்டால் லேசாக எரிச்சல் வரலாம்.

பழத்தின் சதைப்பகுதியில் பூனைக்கு விஷமான பொருள் எதுவும் இல்லை. ஒரு சின்னத் துண்டை நக்கிவிட்டால் பயப்பட வேண்டாம். நிறையத் தின்றால் வயிறு கலங்கும். சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இலை தின்றதும் வாந்தி எடுத்ததே, அது? நார் நிறைந்த தடிமனான இலையைப் பூனையின் வயிறு ஜீரணிக்காது. அப்படியே வெளியே தள்ளிவிடும். புல் தின்ற பூனை வாந்தி எடுப்பதும் இதே கதைதான். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் வழக்கம்போல ஓடி விளையாடினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாமரத்தில் கவனிக்க வேண்டியது மரத்தை அல்ல, மரத்தின் மேல் அடித்த மருந்தை. பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அந்த மரத்தில் ஏறி இறங்கும் பூனை பிறகு உட்கார்ந்து பாதத்தையும் ரோமத்தையும் நக்கிச் சுத்தம் செய்யும். மருந்து நேராக வாய்க்குள் போகும். பக்கத்து வீட்டு மரமாக இருந்தாலும் மருந்து அடிக்கும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதேபோல பெட்டியில் வரும் மாம்பழத்தோடு பழுக்க வைக்கும் பொட்டலம் ஏதாவது இருந்தால் முதலில் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் சில இடங்களில் நடக்கிறது.

பூனைக்கு மாம்பழம் இனிக்குமா?

இனிக்காது. பூனைகளுக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணர நாக்கில் இரண்டு புரதங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதில் ஒன்றை உருவாக்கும் மரபணு பூனையில் உடைந்து கிடக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். புலி, சிறுத்தை வகையான சீட்டா ஆகியவற்றிலும் இதே குறை இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கறி மட்டுமே தின்று வந்த இனத்துக்கு இனிப்பு தேவைப்படவில்லை.

அப்போ சில பூனைகள் மாம்பழத்தைப் பார்த்ததும் ஓடி வருகிறதே? வாசனை, ஈரம், மிருதுவான தன்மை, 'நீ சாப்பிடுறியே, எனக்கும் கொடு' என்ற ஆசை, இவைதான் காரணம். பூனைக்கும் செடிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் வாசனை சம்பந்தப்பட்டது. நம் ஊர்க் குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. அதன் வேரின் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். அதற்காக அதைப் பறித்துத் தின்னக் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

எலுமிச்சை: கொஞ்சம் கவனம் தேவை

மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சைச் செடி இல்லாத வீடு குறைவு. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குநல அமைப்பு நடத்தும் நச்சுத் தாவரப் பட்டியலில், எலுமிச்சை, ஆரஞ்சு உள்ளிட்ட சிட்ரஸ் வகைகள் பூனை, நாய், குதிரைக்கு ஆகாதவையாகவே குறிக்கப்பட்டுள்ளன.

காரணம், இலையிலும் தோலிலும் உள்ள நறுமண எண்ணெய்கள். லிமோனீன், லினலூல் என்பவை அதில் முக்கியமானவை. ஒரு இலையைக் கடித்தால் எச்சில் ஒழுகும், வாந்தி வரலாம், வயிற்றுப்போக்கு வரலாம். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். தவிர, பூனைக்கு சிட்ரஸ் வாசனை பிடிக்காது. தொட்டி மண்ணைப் பூனை கிளறாமல் இருக்க ஆரஞ்சுத் தோலைப் போட்டு வைப்பதும் இதனால்தான். அதனால் செடியைப் பிடுங்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை.

பிரச்சினை, அந்த எண்ணெயைச் செறிவாக்கிப் பாட்டிலில் அடைக்கும்போது வருகிறது. சிட்ரஸ் எண்ணெய் கலந்த உண்ணி மருந்துகளை அளவுக்கு மீறிப் பூனை மேல் பூசியபோது நடுக்கம், தடுமாறும் நடை, உடம்பு ஜில்லிட்டுப் போவது போன்ற பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இன்று அதே எண்ணெய் படுக்கையறை டிஃப்யூசரில் இருக்கிறது. லெமன், டீ ட்ரீ, யூகலிப்டஸ் எல்லாமே பூனை இருக்கும் மூடிய அறைக்கு ஏற்றவை இல்லை. எலுமிச்சை வாசனை போட்ட ஃப்ளோர் கிளீனரால் துடைத்தால், தரை முழுசாகக் காய்ந்த பிறகே பூனையை உள்ளே விடுவது நல்லது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு வாயில் புண் வரக்கூடும்.

புளி: நாய்க்கு ஆபத்து, பூனைக்கு?

புளியைப் பற்றிக் கால்நடை மருத்துவ உலகம் பேச ஆரம்பித்ததே சமீபத்தில்தான். அதன் ஆரம்பம் திராட்சை.

திராட்சையும் உலர் திராட்சையும் தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது 20 வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். ஏன் என்று மட்டும் தெரியவில்லை. வீட்டிலேயே செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்றது போலவே சிறுநீரகம் பாதித்தது. அந்த மாவில் 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்' என்ற பேக்கிங் பொருள் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் உள்ள அமிலமும் அதேதான். ஏஎஸ்பிசிஏ-வின் நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் இந்தத் தொடர்பை 2021-ல் வெளியிட்டார்கள்.

டார்டாரிக் அமிலம் அதிகம் உள்ள இன்னொரு பழம் எது? நம் புளிதான். திராட்சையை விடப் பல மடங்கு அதிகம். புளி தின்ற நாய்களிலும் இதே சிறுநீரகப் பாதிப்பு இருந்ததை 2022-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. அந்த அமிலத்தைச் சிறுநீரக செல்லிலிருந்து வெளியேற்றும் ஒரு புரதம் நாய்களில் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பூனையிடம் இந்த அளவுக்குத் தெளிவான சான்று இல்லை. புளியமரத்தடியில் விளையாடும் பூனைக்காகப் பயப்படத் தேவையில்லை. புளிப்பு அதற்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் வீட்டில் நாயும் இருந்தால், புளி உருண்டையைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

ரசம் சாதம், சாம்பார் சாதம் போடலாமா? வேண்டாம். அதற்குப் புளியை விடப் பெரிய காரணம் பூண்டும் வெங்காயமும். அதைக் கீழே பார்க்கலாம்.

மற்ற மரங்கள்

வாழை: விஷம் இல்லை. இலையைக் கிழித்து விளையாடினாலும் பிரச்சினை இல்லை.

பப்பாளி: பழுத்த பழத்தின் சதை பரவாயில்லை. பச்சைக் காயிலும் தண்டிலும் வடியும் பால் வாயையும் வயிற்றையும் எரிச்சலாக்கும்.

சீத்தா: பழத்தை விடக் கொட்டைதான் விஷயம். அந்தக் காலத்தில் பேனுக்கு அரைத்துப் பூசிய கொட்டை அது. அந்தப் பொடி மனிதர்களின் கண்ணில் பட்டாலே கருவிழியைப் புண்ணாக்கும். முழுக் கொட்டையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். அரைத்த பொடியை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

முந்திரி: வறுத்த பருப்பில் விஷம் இல்லை, கொழுப்புதான் அதிகம். பச்சைக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலையே பொசுக்கும்.

அவகாடோ: இதில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. பறவை, முயல், ஆடு, குதிரைக்கு ஆபத்து அதிகம். பூனைக்குக் குறைவு. ஆனாலும் தவிர்ப்பதே நல்லது. வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

பூனை உடம்பில் அப்படி என்ன வித்தியாசம்?

மனிதனுக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் சில பொருட்கள் பூனைக்கு மட்டும் ஏன் விஷமாகின்றன? விடை கல்லீரலில் இருக்கிறது.

நாம் ஒரு மாத்திரை போட்டால், வேலை முடிந்ததும் கல்லீரல் அந்த மருந்தோடு ஒரு வகைச் சர்க்கரை அமிலத்தை ஒட்டிவிடும். அது தண்ணீரில் கரைந்து சிறுநீரோடு வெளியே போய்விடும். இந்த ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைக்கு இல்லை. அதை உருவாக்கும் மரபணு இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கம் உட்பட பூனைக் குடும்பத்தின் மற்ற விலங்குகளிலும் இதே குறை இருப்பதைக் காட்டியது.

செடி தின்னும் விலங்குகள் தாவரங்களின் ரசாயனங்களைத் தினமும் சமாளித்தாக வேண்டும். கறி மட்டும் தின்னும் பூனை இனத்துக்கு அந்தத் தேவை இல்லாமல் போனதால், உடைந்த மரபணு அப்படியே தங்கிவிட்டது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். இனிப்பு தெரியாத நாக்கு மாதிரியே இதுவும் கறி உணவு விட்டுச்சென்ற அடையாளம். நாக்கின் குறையால் பூனைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கல்லீரலின் குறை, மனிதர்களோடு ஒரே வீட்டில் வாழும்போது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

அப்போ நிஜமான ஆபத்து எங்கே?

பாராசிட்டமால்: முதல் இடம் இதற்குத்தான். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று 'குழந்தைக்கே கொடுக்கிறோமே, பாதி மாத்திரைதானே' என்று கொடுத்துவிடுபவர்கள் உண்டு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரைப் பறிக்கப் போதுமானது. பாதியும் பாதுகாப்பான அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். மாற்று மருந்து உண்டு. ஆனால் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும்.

லில்லி: பூங்கொத்தில் வரும் பெரிய, வாசனையான லில்லி பூனைக்குக் கொடிய விஷம். இலை, இதழ், ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, பூச்சாடித் தண்ணீரைக் குடிப்பது, எல்லாமே 1 முதல் 3 நாட்களுக்குள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். குளத்தில் பூக்கும் அல்லி இந்த வகை இல்லை. பீஸ் லில்லியும் இந்த வகை இல்லை, அது வாயை எரிச்சலாக்குவதோடு நிற்கும். நம் மாநில மலரான செங்காந்தளும் உண்மையான லில்லி கிடையாது. ஆனால் அதில் உள்ள கொல்சிசின் மனிதன் உட்பட எல்லோருக்கும் விஷம்.

பூண்டு, வெங்காயம்: பூனையின் சிவப்பணுக்கள் இவற்றைத் தாங்காது. அணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பாதிப்பைக் காட்டப் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சில சின்ன வெங்காயம். பூண்டு அதைவிடப் பல மடங்கு வீரியம். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் இதே விளைவுதான்.

நாய்க்கான உண்ணி மருந்து: கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அது பூனைக்கு வலிப்பு வரவைக்கும். 'நாய்க்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரளி, எலி மருந்து, அந்துருண்டை: அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். எலி மருந்தை நேரடியாகத் தின்னாவிட்டாலும், அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறலாம்.

தின்றுவிட்டது, இப்போ என்ன செய்வது?

முதலில், வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்கள். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். இலையையோ மாத்திரை அட்டையையோ போட்டோ எடுங்கள், முடிந்தால் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பூனையின் எடை தெரிந்து வைத்திருப்பதும் நல்லது.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய், பால், மோர் எதுவும் ஊற்ற வேண்டாம். 'பால் விஷத்தை முறிக்கும்' என்பது பூனை விஷயத்தில் உதவாது. மாறாக, ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கலாம். ரோமத்தில் மருந்தோ மகரந்தமோ ஒட்டியிருந்தால், நக்க விடாமல் துண்டில் சுற்றி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது? மாவிலையோ வாழையிலையோ கடித்து, ஒரு தடவை வாந்தி எடுத்து, பிறகு சாதாரணமாக இருந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். எலுமிச்சை இலைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, நிற்காத எச்சில், தள்ளாட்டம், நடுக்கம், ஈறு நிறம் மாறுவது, மறைவான இடத்தில் போய்ப் பதுங்குவது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். லில்லி, பாராசிட்டமால், எலி மருந்து, நாயின் உண்ணி மருந்து என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. லில்லி தின்ற பூனை முதல் சில மணி நேரம் நன்றாகவே தெரியும். சிறுநீரகம் கெட்ட பிறகு கொண்டுபோனால் காப்பாற்றுவது கஷ்டம்.

ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று அவசரம் வருவதற்கு முன்பே தெரிந்து, நம்பரை போனில் சேமித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எந்த நேரத்தில் எந்தப் பிரிவு இயங்கும் என்று ஒரு போன் செய்து கேட்டு வைத்தால் போதும்.

பச்சையைக் கண்டால் கடிக்கும் பூனைக்கு, ஒரு சின்னத் தொட்டியில் கோதுமையைத் தூவி முளைக்க வையுங்கள். பத்து நாளில் புல் வந்துவிடும். மாமரம் பால்கனிக்கு எதிரிலேயே இருக்கட்டும். இன்று ராத்திரி செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேஜை மேல் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்து, பூனைக்கு எட்டாத அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.